கை தூக்கியவர்கள்

அப்பா இரும்பு நாற்காலியை மடக்கி மாமாவின் முகத்தில் அடித்தபோது, நான் மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கட்டுரைக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். "கோயில், அங்கே வாழ்கிறவர்களுக்கு" என்று எழுதி முடித்திருந்தேன். சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது மாமா வாயைப் பொத்திக்கொண்டு முழங்காலில் நின்றார். விரல் இடுக்கில் வழிந்த இரத்தம் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. அவர் அம்மாவின் உடன்பிறந்த அண்ணன்.

நான் அப்போது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பான ஆறாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஆறாம் படிவ மாணவர்களுக்கென்று ஒரு கல்லூரி நடத்திய அரசியல் கட்டுரைப் போட்டிக்கு எங்கள் பள்ளியிலிருந்து என்னை அனுப்புவதாக முடிவாகியிருந்தது. மலாயில் எழுத வேண்டும். கொடுத்திருந்த தலைப்புகளில் நான் எடுத்துக்கொண்டது, ஓரிடத்தில் வாழ்ந்து உழைக்கும் எல்லாருக்கும் அங்கே வாக்குரிமை உண்டா என்பது. புத்தகத்திலிருந்து எழுதினால் எல்லாரும் எழுதுவதைத்தான் நானும் எழுதுவேன் என்று தோன்றியது. கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து அம்மன் கோயிலின் ஆண்டுக் கூட்டத்தில் அதே சண்டை வரப்போகிறது என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் பேனாவோடு போயிருந்தேன்.

சண்டை இதுதான். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடு வேலையோடு வருவது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. இப்படி வருடக்கணக்கில் ஒவ்வொரு குடும்பமாகக் கீழே கம்போங் ராஜா ஊருக்கும் அதற்கு அப்பாலும் போய்விட்டார்கள். லயத்தில் மிஞ்சியது எங்களைப் போலக் விரல்விட்டு எண்ணக்கூடிய தமிழ்க் குடும்பங்கள். மற்ற வீடுகளில் நேப்பாளிகளும் வங்காளதேசிகளும் இருந்தார்கள். ஆனால் வெளியே போனவர்கள் ஆண்டுக் கூட்டத்துக்கு மட்டும் காரில் வந்து கை தூக்கிவிட்டுப் போவார்கள். அவர்கள் கையால்தான் மாமா பல வருடங்களாகத் தலைவராக இருந்தார். அப்பா தோட்டத்தில் கொழுந்து லாரி ஓட்டுபவர். திருவிழாவுக்குப் பந்தல் போடுவதும், அடைத்த கால்வாயைத் தோண்டுவதும் நாங்கள், முடிவெடுப்பது வெளியாட்களா என்று அவருக்குக் கோபம். அந்த வருடம் மாமாவை எதிர்த்து அவரே நின்றார்.

அன்று அவர் யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தார். லயத்திலிருந்த நேப்பாளத் தொழிலாளிகளைக் குளிக்க வைத்து, நெற்றியில் திருநீறு பூசச் சொல்லி, முன்வரிசையில் கொண்டுவந்து உட்கார வைத்தார். அவர்களும் சாமி கும்பிடுகிறவர்கள்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார்கள். பலருக்குக் கூட்டத்தில் பேசியது ஒன்றுமே புரியவில்லை. கை தூக்கச் சொன்னபோது அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தலையாட்டியதும் தூக்கினார்கள்.

எண்ணிக்கை அப்பா பக்கம் சாய்வது தெரிந்ததும் மாமாவின் மூத்த மகன் எழுந்தான்.

"ஒரு குடும்பத்துக்கு ஒரு கைதானே வழக்கம்? இவனுங்க எட்டு பேரு ஒரே வீட்டுல கெடக்கறானுங்க. எட்டு கையா? வேல பெர்மிட்ல வந்தவனுக்கு ஏதுலா ஓட்டு?"

சொல்லிக்கொண்டே முன்வரிசை ஓரத்திலிருந்த ஒருவரின் தூக்கிய கையைப் பிடித்துக் கீழே முறுக்கினான். அவரை எனக்குத் தெரியும். கொழுந்து வெட்டும் இயந்திரத்தின் ஒரு முனையைப் பிடிப்பவர். மலாயில் அண்ணன் என்று பொருள்பட அபாங் என்றுதான் நான் கூப்பிடுவேன். அவர் எதிர்க்கவில்லை. அது மச்சானுக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்ததோ என்னவோ, கையோடு இழுத்துத் தரையில் தள்ளி முதுகில் உதைத்தான். அப்பா மேடையிலிருந்து குதித்து ஓடிவந்தார். மாமா குறுக்கே நின்றார். "மனுசன் கெடைக்காம இவனுங்கள கூட்டியாந்தியா?" என்று அவர் கேட்டது மைக்கில் விழுந்து மண்டபம் முழுவதும் கேட்டது. அப்பாவின் கைக்கு நாற்காலி கிடைத்தது.

அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவர் குத்துவிளக்கைப் பிடுங்கி வீசினார். மைக் ஸ்டாண்டின் இரும்புக் கம்பி கை மாறிக்கொண்டிருந்தது. என்னோடு சின்ன வயதில் விளையாடிய ஒருவன் தன் சித்தப்பாவின் தலையைச் சுவரில் மோதுவதைப் பார்த்தேன். சமையல்கூடத்தில் அரிசிச் சேமியாவில் மீகூன் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் கதவருகே வந்து நின்றார்கள். அம்மா கையில் அகப்பையோடு கூட்டத்துக்குள் புகுந்து, மாமாவின் தலையைத் தன் மடியில் அணைத்துக்கொண்டு, அவர் மேல் விழ வந்த அடிகளைத் தன் முதுகில் வாங்கினார்.

அபாங் எழுந்து வெளியே போகப் பார்த்தார். அந்த மைக் கம்பி அவர் தோளில் இறங்கியது. அடித்தது எங்கள் பக்கத்து ஆளா, மாமா பக்கத்து ஆளா என்று இன்றுவரை தெரியாது. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

போலிஸ் வந்தது. இரண்டு பக்கமும் ரிப்போர்ட் செய்தார்கள். மாமாவுக்கு முன்பற்கள் போயின, உதட்டில் தையல். தோட்ட மேனேஜரான பெரிய துரை மண்டபத்தைப் பூட்டச் சொல்லிவிட்டார். வீட்டில் அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்தினார். தட்டை வைப்பார், போய்விடுவார்.

அந்தச் சூட்டிலேயே கட்டுரையின் முதல் படியை எழுதி முடித்தேன். அப்பா சொன்னதுதான் சரி என்று எழுதினேன். வாழ்கிறவனுக்கே வாக்கு. விட்டுப் போனவன் விட்டுப் போனவன்தான். எதிர்க்கிறவர்கள் பதவி ஆசை பிடித்தவர்கள், வந்தேறிகளை வெறுப்பவர்கள். அபாங்கின் கையை முறுக்கியதைக் கடைசியில் வைத்து, படிப்பவர்கள் கண்கலங்கும்படி முடித்திருந்தேன்.

எங்களுக்கு அரசியல் பாடம் எடுத்தவர் ஒரு மலாய்ப் பெண்மணி. ஆசிரியரை மலாயில் அழைப்பதுபோல சிக்கு என்று கூப்பிடுவோம். பள்ளியில் ஆசிரியர்கள் குறைவு. பல வகுப்புகளுக்கு ஓடிக்கொண்டிருந்தவர், சாப்பிட்டுக்கொண்டே என் தாள்களைப் படித்தார். பாதியில் நிறுத்தி, "உன்னை எதிர்க்கிறவன் இதில் முட்டாள்" என்றார். "முட்டாளை ஜெயித்தால் யார் பரிசு கொடுப்பார்கள்? அவன் படித்துப் பார்த்து, ஆமாம், நான் சொன்னது இதைத்தான் என்று தலையாட்ட வேண்டும். அப்படி எழுது. பிறகு பதில் சொல்." தாளில் சம்பால் மிளகாய்க் கறை ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார்.

என்னை எதிர்க்கிறவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். பள்ளி விட்டு வரும் பஸ் கம்போங் ராஜா வழியாகத்தான் தோட்டத்துக்கு வரும். மறுநாள் அங்கே இறங்கினேன்.

கதவைத் திறந்த அத்தை என்னை உள்ளே விடவில்லை.

"என்னா, மிச்சப் பல்ல எண்ணிட்டு வரச் சொல்லி உங்கப்பன் அனுப்பினானா?"

"இல்ல அத்த. ஸ்கூல்ல ஒரு கட்டுரை. மாமாகிட்ட கேக்கணும்."

பின்னால் நின்ற மச்சான் சிரித்தான். அவன் கைமுட்டிகளில் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. வாசலில் கோஸ் வெட்டும் பாராங்கத்தி சாய்த்து வைத்திருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருக்கும். அன்று அதையும் அவன் கையையும் மாறி மாறிப் பார்த்தேன். உள்ளேயிருந்து மாமாவின் குரல் கேட்டது. "விடு. உள்ள வரட்டும்."

அவர் முகம் வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது. பேசும்போது பல் இல்லாத இடத்தில் காற்று போனது. நான் கேள்வியைச் சொன்னேன். வெளியே போனவர்களுக்கு எதற்கு ஓட்டு?

"போனமா?" என்றார் அவர். "நாங்களா போனோம்? எங்கப்பாவுக்கு வேல முடிஞ்சதும் தோட்டத்து ஆபீஸ் கிராணி வந்து வீட்டக் காலி பண்ணச் சொன்னான். சட்டி பானைய லோரில ஏத்திட்டு வந்தோம். உங்கம்மா கல்யாணம் கட்டி அதே லயத்துல நாலு வீடு தள்ளிப் போச்சு. அதனால அது தோட்டத்து ஆளு. நான் வெளியாளு. ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்க."

எழுதிக்கொண்டேன்.

"நேப்பாள்காரன் நல்லவந்தான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா பெர்மிட் முடிஞ்சா அவன் போயிருவான். அவன் கை தூக்கி முடிவு பண்ணிட்டுப் போறதோட கெடந்து வாழப்போறது யாரு? நாளைக்குத் தோட்டத்தையே வித்துட்டு, கோயில எடுன்னு ஒருத்தன் வந்து நின்னா, கோர்ட்டுக்கு அலையறது அவனா? எனக்கு அந்த மண்ணுல வீடு இல்ல, வேல இல்ல. அந்தக் கோயில் ஒன்னுதான் இருக்கு. அதுலயும் கைய எறக்குன்னா எப்படிம்மா?"

எழுதிய வரியையே மறுபடியும் எழுதிக்கொண்டிருந்தேன்.

"எம்மவன் அந்தாளு மேல கை வச்சது தப்பு" என்றார் கடைசியில். "அதையும் எழுதிக்க. உங்கப்பன் என்னைய அடிச்சதையும் எழுது."

வெளியே வந்தபோது மச்சான் மோட்டார்சைக்கிளில் சாய்ந்து நின்றான். "முடிஞ்சிருச்சுன்னு உங்கப்பன் நெனைக்க வேணாம்" என்றான். அது அப்பாவுக்கும் தெரிந்ததுதான். தன் வேன் இருக்கைக்குக் கீழே அவர் ஓர் இரும்புக் குழாய் வைத்திருந்தார்.

நான் மாமா வீட்டுப் படியேறியதை யாரோ பார்த்து, எனக்கு முன்பே செய்தி வீடு வந்து சேர்ந்துவிட்டது. அப்பா வேலை முடிந்து வந்து, பூட்ஸ் கூடக் கழற்றாமல் நடுவீட்டில் நின்றார்.

"எங்க போன?"

"மாமா வீட்டுக்கு. கட்டுரைக்கு ரெண்டு பக்கமும் கேக்கணும்னு சிக்கு சொன்னாங்க."

"எனக்குப் பொறந்துட்டு அவன் பக்கம் கேக்கப் போனியா?"

அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு அறையோடு போயிருக்கும். ஆனால் பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒன்று உறைத்திருந்தது. அதை அவரிடமே கேட்டால்தான் தெரியும் என்று உண்மையாகவே நினைத்தேன்.

"அப்பா, நீங்க ரிட்டைர் ஆனா நாமளும் இந்த வீட்ட விட்டுப் போகணும்தானே? அப்ப நீங்க சொல்ற ரூல் படி உங்களுக்கும் கை கெடையாதா?"

அவர் முகம் மாறியது. அந்தக் கேள்வியை அவர் தனக்குள் கேட்டிருக்கிறார் என்று எனக்கு அந்த நொடியில் தெரிந்தது. பெல்ட்டை உருவினார். முதல் அடி தோளில் விழுந்தது, அடுத்தது காதையும் கன்னத்தையும் சேர்த்து. நான் மேசைக்கு அடியில் போனேன். காலைப் பிடித்து வெளியே இழுத்து அடித்தார். கொக்கி முழங்கையில் பட்ட இடத்தில் உணர்வே இல்லாமல் போனது. அவர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. பிறகு என் தாள்களைச் சுருட்டி வாசலுக்கு வெளியே மழைத் தண்ணீர் ஓடும் கால்வாயில் எறிந்தார்.

அம்மா குறுக்கே வந்தபோது ஓங்கிய பெல்ட் அவர் கழுத்தில் சுற்றியது. அம்மா அதன் நுனியைப் பிடித்துக்கொண்டார். அப்பா இழுத்தார். அம்மா விடவில்லை.

"புள்ள கேட்டதுக்கு பதில் சொல்லுங்க" என்றார். கூட்டம் நடந்த நாளிலிருந்து அவர் அப்பாவிடம் பேசிய முதல் பேச்சு அது.

அப்பா பெல்ட்டைப் போட்டுவிட்டு வெளியே போனார்.

கேமரன் மலையில் எல்லாரும் சுவெட்டர் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கு வருவார்கள். கையில் தடிப்புகள் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. கன்னத்தைப் பற்றி சிக்கு கேட்டார். விழுந்துவிட்டேன் என்றேன். பிறகு சனிக்கிழமை வந்தால் உட்கார்ந்து திரும்ப எழுதலாம் என்றார்.

அந்தச் சனிக்கிழமை பள்ளி விடுமுறைக் காலத் தொடக்கம். சமவெளியிலிருந்து வந்த கார்கள் மலைப்பாதை முழுக்க நின்றன. பஸ் வராது என்பதால் அப்பா தன் பழைய வேனில் பள்ளியிலிருந்து என்னை ஏற்ற வந்தார். கியா பார்ம் காய்கறிக் கடைகளுக்குப் பக்கத்தில் வண்டி முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நின்றுவிட்டது. சாலையோரத்தில் குடும்பம் குடும்பமாகச் சோளம் தின்றுகொண்டும், ஸ்ட்ராபெரி பெட்டிகளைத் தூக்கிக்கொண்டும் நடந்தார்கள்.

கண்ணாடியில் மோட்டார்சைக்கிள்கள் கார்களுக்கு நடுவே நெளிந்து வருவதை அப்பா எனக்கு முன்பே பார்த்துவிட்டார். "கதவ லாக் பண்ணு" என்றார். குனிந்து இருக்கைக்குக் கீழே கைவிட்டார். குழாய் எங்கோ சிக்கிக்கொண்டது. அதை இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஹெல்மெட்டால் அவர் பக்கத்துக் கண்ணாடியை உடைத்தார்கள். மச்சானும், எனக்குத் தெரியாத இரண்டு பேரும். கண்ணாடித் தூள் என் மடியில் கொட்டியது. ஜன்னல் வழியாகவே கதவைத் திறந்து, அப்பாவின் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

மச்சான் குனிந்து என்னிடம், "நீ எறங்காத" என்றான். குரலில் கோபமே இல்லை. திருவிழாவில் சின்னப் பிள்ளைகளிடம் சொல்வது போலச் சொன்னான்.

அவர்கள் ஹெல்மெட்டாலும் பூட்ஸ் காலாலும் அடித்தார்கள். அப்பா முதலில் திருப்பி அடித்தார். ஒருவனின் மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. பிறகு அவர் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு சுருண்டார். விலாவில் உதைத்தபோது அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்கு ஆறுதலாக இருந்தது. அடுத்த நொடி நான் இறங்கி ஓடி மச்சானின் கையைக் கடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். அவன் உதறியதில் சாலையோரக் கீரைத் தட்டில் போய் விழுந்தேன்.

சுற்றிலும் ஆட்கள் போனை உயர்த்திப் படம் எடுத்தார்கள். கடைக்காரச் சீனப் பெண்மணி ஒருவர் மட்டும் தண்ணீர்க் குழாயைத் திருப்பி எல்லார் மேலும் பீய்ச்சினார். குளிர்ந்த தண்ணீர் முகத்தில் பட்டதும் அவர்கள் விலகினார்கள். மோட்டார்சைக்கிள்கள் வந்த வழியே போயின. எங்களுக்கு முன்னால் நின்ற கார் மெல்ல நகர்ந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள்.

அப்பாவுக்கு விலா எலும்புகள் உடைந்திருந்தன. ஒரு கண்ணைச் சுற்றி எலும்பில் விரிசல். ஆஸ்பத்திரிக்கு மாமா வந்தார், மகனை இழுத்துக்கொண்டு. அம்மா வார்டிலிருந்து வெளியே வந்து மச்சானைக் கன்னத்தில் அறைந்தார். மறு கன்னத்திலும் அறைந்தார். அவன் அம்மாவைவிட இரண்டு மடங்கு இருப்பான், தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு அம்மா திரும்பித் தன் அண்ணனின் சட்டையைப் பிடித்து உலுக்கி, "இன்னும் யார அடிக்கணும்? என்னையும் அடிச்சிருங்க, முடிஞ்சிரும்" என்றார். தாதி ஓடிவந்து எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்.

அதற்குப் பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். இரண்டு பக்கமும் போலிஸ் ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வது, வெளியே போன குடும்பங்களுக்கும் ஓட்டு உண்டு, அடுத்த தவணை அப்பா தலைவர், அதற்கடுத்தது மாமா பக்கம். நேப்பாளிகளுக்குக் கை கிடையாது. அதை அப்பாவே முதலில் விட்டுக்கொடுத்தார் என்று அம்மா சொன்னார். அபாங்கின் தோளைப் பற்றி அங்கே யாரும் பேச்செடுக்கவில்லை.

நான் லயத்தின் கடைசி வீட்டுக்குப் போய் அவரைப் பார்த்தேன். துண்டால் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது, இயந்திரத்தைத் தூக்க முடியாது, அடுத்த வாரம் ஊருக்கு அனுப்புகிறார்கள் என்றார். உடைந்த மலாயில்தான் பேசிக்கொண்டோம்.

"அன்னைக்கு எதுக்கு அபாங் கை தூக்கினீங்க?"

"டிரைவர் தூக்கச் சொன்னார். எங்க கொழுந்து மூட்டையை ஏத்திக்கறது அவர்தானே. கடைசியா ஏத்தினா நாங்க மழையில நிக்கணும்."

"யாரும் சொல்லாம, உங்களுக்கே ஓட்டு இருந்தா என்ன கேட்டிருப்பீங்க?"

அப்படி ஒரு கேள்வி தன்னிடம் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. "எங்க தசைன் பண்டிகைக்கு ஒரு நாள் அந்தக் கோயில் சமையல்கூடம்" என்றார். "வீட்டுக்குள்ள அடுப்பு சின்னது. எல்லாருக்கும் சமைக்க முடியல." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்தபோது தோள் வலித்து முகத்தைச் சுளித்தார்.

கட்டுரையை முதலிலிருந்து எழுதினேன். மாமாவின் வாதத்தை அவர் சொன்னபடியே, எதையும் குறைக்காமல் வைத்தேன். அப்பாவின் வாதத்தையும் அப்படியே. இரண்டு பேரும் ஒரே பயத்திலிருந்துதான் பேசுகிறார்கள், வேலையோடு வீடும் போகிற இடத்தில் யாரும் நிரந்தரமாக உள்ளே இருப்பவரில்லை என்று எழுதினேன். வேறொருவர் சொல்லித் தூக்கும் கை வாக்கு ஆகாது, அதைத் தூக்க வைத்தவனும் முறுக்கியவனும் பிறகு சமாதானமாகப் போவார்கள், கைக்குச் சொந்தக்காரன் ஊருக்குப் போவான் என்று எழுதினேன். என்ன வேண்டும் என்று கேட்கப்படாதவனுக்கு முதலில் கேட்கப்படும் உரிமை வேண்டும் என்பது என் முடிவு.

சிக்கு இரண்டு முறை படித்தார். "நன்றாக இருக்கிறது. ஆனால் கோயிலை எடுத்துவிடு" என்றார். மதம் வந்தால் பள்ளிக்குத் தொல்லை, மேலே அனுப்பவே மாட்டார்கள் என்றார். எனக்கு அழுகை வந்தது. அவர் மேல் கோபமும் வந்தது. அபாங் அடிபட்டது கோயிலில்தானே என்றேன். "தெரியும்" என்றார். "ஆனால் இது யாராவது படிக்க வேண்டுமா, வேண்டாமா?" கடைசியில் மலைமேல் ஒரு குடியிருப்பாளர் சங்கம் என்று மாற்றினேன். அந்த மாற்றம் இன்றும் எனக்குப் பிடிக்கவில்லை.

தேர்ந்தெடுத்த சிலரைக் கோலாலம்பூருக்கு அழைத்தார்கள். நடுவர்கள் முன் நின்று கட்டுரையைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் தயாராகப் போயிருந்தேன். குடியுரிமை, தற்காலிகத் தொழிலாளர், நிரந்தரம் என்றால் என்ன, எல்லாம் சொன்னேன். கடைசியாக ஒரு பெண் நடுவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

"குடும்பத்துக்கு ஒரு வாக்கு என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கூட்டத்தில் எத்தனை பெண்கள் கை தூக்கினார்கள்?"

வாயைத் திறந்தேன். மீகூன் வாசனைதான் நினைவுக்கு வந்தது. பெண்கள் கதவருகே நின்றது, அம்மா அகப்பையோடு ஓடி வந்தது. நானும் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து எல்லார் கையையும் கவனித்து எழுதிக்கொண்டிருந்தேன். வாக்குரிமை பற்றி வாரக்கணக்கில் யோசித்தும் இது எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

"ஒருவரும் இல்லை" என்றேன். "நான் அதைக் கவனிக்கவில்லை."

அவர் தலையாட்டி ஏதோ எழுதிக்கொண்டார். எனக்கு மூன்றாம் இடம் கிடைத்தது.

திரும்பி வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா சமையலறையில் கோழி வெட்டிக்கொண்டிருந்தார். அப்பா கூடத்தில் விலாவுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்திருந்தார். நான் அம்மாவிடம் நடுவர் கேட்ட கேள்வியைச் சொன்னேன். நாம் இரண்டு பேரும் அந்த மண்டபத்தில்தானே இருந்தோம், நம் கையை யாரும் கேட்கவே இல்லையே என்றேன்.

அம்மா கத்தியை ஓங்கித் தொடை எலும்பைப் பிளந்தார்.

"எனக்கு ஒரு கை இருந்திருந்தா அண்ணனுக்குத்தான் தூக்கியிருப்பேன்" என்றார். குரலைத் தாழ்த்தவில்லை.

கூடத்தில் கட்டில் கிறீச்சிட்டது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"என்ன சொன்ன?"

"காதுல விழுந்ததுதான்."

"என் சோத்தத் தின்னுட்டு..."

"தேயிலை பேக்கிங்ல நின்னு நானும்தான் சம்பாரிக்கறேன். அண்ணன் கூட்டத்த நடத்துவாரு, நாலு பேரு சொல்றத கேப்பாரு. நீங்க கேக்க மாட்டீங்க. அதான்."

அப்பாவின் கை உயர்ந்தது. அம்மா திரும்பி அவரைப் பார்த்தார். கத்தி கையில்தான் இருந்தது, நீட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. உயர்த்திய கை விலாவை இழுத்து வலித்திருக்க வேண்டும். அப்பாவின் முகம் வெளுத்தது. கையை இறக்கி வயிற்றோடு பிடித்துக்கொண்டு, வெளியே போய், வாசலில் நின்ற கொழுந்து லாரிப் படியில் உட்கார்ந்தார்.

அத்தோடு அவர் மாறிவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். விலா ஆறிய பிறகு இன்னும் இரண்டு முறை அவர் கை ஓங்கியது. ஒரு முறை அம்மா மேல் விழவும் செய்தது. அன்றே அம்மா போலிஸில் போய் ரிப்போர்ட் செய்தார். அதை இதுவரை திரும்ப வாங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொதித்து இறங்கியதும் அம்மா தனக்கு மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார். அப்பா லாரிப் படியிலேயே இருந்தார். மலை மேலிருந்து மூடுபனி இறங்கி, முதலில் டயர்கள் மறைந்தன, பிறகு அவரும் மறையத் தொடங்கினார். நான் ஒரு தட்டில் சோறு போட்டு அவரிடம் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார்.

"அவளா குடுத்தா?" என்றார்.

"இல்லப்பா" என்றேன்.

தலையைக் குனிந்து சாப்பிட்டார்.